விக்கிப்பீடியாவை ஆய்வுக்கு எடுக்கலாமா? ப்ராஜெக்ட் பிள்ளைகள் கேட்ட கேள்விகள்

கும்பகோணம் பக்கத்தில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்க்கிறேன். தை பிறந்தால் எங்களுக்கு ப்ராஜெக்ட் சீசன். அறுவடை மிஷின் வயலில் ஓடும்போது இங்கே ஜெராக்ஸ் மிஷின் ஓடும். வருஷா வருஷம் கேள்வி ஒன்றுதான், கேட்கிற ஆள்தான் மாறுகிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

சார், ப்ராஜெக்ட்ல விக்கிப்பீடியாவைச் சான்றாப் போடலாமா?

போடாதீர்கள். ஆனால் படியுங்கள்.

விக்கிப்பீடியாவே தன்னைச் சான்றாக ஏற்பதில்லை. ஒரு விக்கிக் கட்டுரைக்கு இன்னொரு விக்கிக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பது அங்கே எழுதுகிறவர்களே வைத்துக்கொண்ட விதி. அவர்களுக்கே ஆகாதது உங்கள் கைடுக்கு எப்படி ஆகும்?

நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் முக்கொம்பு, கல்லணை தாண்டி, காவிரி, வெண்ணாறு, அரசலாறு என்று பிரிந்து, வாய்க்காலாகிக் கடைமடைக்கு வருவதற்குள் வழியில் எத்தனை மதகு, எத்தனை அடைப்பு! கடைமடையில் கணுக்கால் நனைவதைப் பார்த்து மேட்டூரில் எத்தனை கனஅடி திறந்தார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. விக்கிப்பீடியா கடைமடை. கல்வெட்டு, தீர்ப்பு, அரசாணை, மக்கள்தொகைக் கணக்கு இவையெல்லாம் தலைமடை. ஆய்வு என்பது வாய்க்கால் கரையைப் பிடித்துக்கொண்டு மேலே நடக்கிற வேலை.

அப்படின்னா எங்க கைடு மட்டும் அதையே பார்க்கிறாரே?

பார்க்கத்தான் செய்வார். நானும் தினம் பார்க்கிறேன். ஒரு ஊர் எந்த வட்டத்தில் இருக்கிறது, ஒரு அரசனுக்கு அடுத்து யார், ஒரு சொல்லுக்கு ஆங்கிலத்தில் என்ன என்று தெரிந்துகொள்ள அதைவிட வேகமான இடம் கிடையாது. உங்கள் கைடு அதைப் பார்த்துவிட்டு வேறு எதையோ தேடிப் போகிறார். நீங்கள் அதைப் பார்த்துவிட்டு பைண்டிங் கடைக்குப் போகிறீர்கள். வித்தியாசம் அவ்வளவுதான்.

பிரிட்டானிக்கா அளவுக்குச் சரியா இருக்குன்னு ஒரு ஆய்வு வந்துச்சாமே?

வந்தது. 2005-இல் 'நேச்சர்' இதழ் நடத்திய ஒப்பீடு அது. 42 அறிவியல் தலைப்புகளில் இரண்டு களஞ்சியங்களின் கட்டுரைகளையும், எது எங்கிருந்து வந்தது என்று சொல்லாமல், துறை வல்லுநர்களிடம் கொடுத்தார்கள். சராசரியாக ஒரு கட்டுரைக்கு விக்கிப்பீடியாவில் நாலு பிழை, பிரிட்டானிக்காவில் மூன்று. பெரிய தவறு என்று எண்ணியதில் இரண்டுக்கும் தலா நாலு. ஒப்பீட்டு முறையே சரியில்லை என்று பிரிட்டானிக்கா 2006-இல் மறுப்பு எழுதியது. இதழ் தன் கட்டுரையைத் திரும்பப் பெறவில்லை.

இதைச் சொல்லி வைவாவில் தப்பிக்கப் பார்க்கும் பிள்ளைகளிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான். அது ஆங்கில விக்கிப்பீடியா, அறிவியல் தலைப்பு, இருபது வருஷத்துக்கு முந்தைய கணக்கு. உங்கள் தலைப்பு திருப்பனந்தாள் வட்டாரக் கோயில்கள். அந்தச் சராசரிக்கும் உங்கள் பக்கத்துக்கும் என்ன உறவு? காவிரியில் சராசரித் தண்ணீர் எவ்வளவு என்று தெரிந்தால் உங்கள் வயல் பாய்ந்துவிடுமா?

இதில் இன்னொன்றும் கவனிக்க வேண்டியது. பிரிட்டானிக்காவிலும் சராசரி மூன்று பிழை இருந்தது. அச்சில் வந்தது எல்லாம் சரி என்று நினைக்கிற என் தலைமுறைக்காரர்களுக்கு அந்த எண்தான் சுட வேண்டும்.

யார் வேணா மாத்தலாமாமே? அப்ப பொய்யே எழுதி வெச்சுட்டா?

வைத்திருக்கிறார்கள். ஜான் சீகன்தாலர் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளரைப் பற்றிய பக்கத்தில், கென்னடி கொலையில் அவருக்குத் தொடர்பு இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்டது என்று ஒருவர் விளையாட்டாக எழுதிவிட்டுப் போனார். 2005-இல் அந்தப் பொய் நாலு மாதம் அப்படியே கிடந்தது. அதற்குப் பிறகுதான் கணக்குத் தொடங்காதவர்கள் புதுப் பக்கம் உருவாக்குவதை ஆங்கில விக்கியில் நிறுத்தினார்கள்.

பெரிய பக்கங்களில் கெட்ட வார்த்தை எழுதினால் சில நிமிஷத்தில் தானியங்கி துடைத்துவிடும். ஆபத்து அங்கே இல்லை. யாரும் எட்டிப் பார்க்காத சின்னப் பக்கத்தில், நாகரிகமான நடையில், நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட தவறுதான் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். நம் பகுதியின் கிராமப் பக்கங்களும் கோயில் பக்கங்களும் பெரும்பாலும் அந்த ரகம்.

தமிழ் விக்கி பார்க்கவா, ஆங்கிலமா?

இரண்டையும் திறந்து வையுங்கள். எங்கே ஒத்துப்போகவில்லையோ அங்கே உங்களுக்கு வேலை இருக்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா 2003-இல் தொடங்கியது, 2017-இல் ஒரு லட்சம் கட்டுரையைத் தாண்டியது. சம்பளமில்லாமல் ராத்திரி உட்கார்ந்து எழுதுகிறவர்களின் உழைப்பு அது. அவர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஒரு பெயருக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். ஆனால் கட்டுரை லட்சம் இருந்தும் காவல் காப்பவர்கள் குறைவு. நூறு மா நிலத்துக்கு ரெண்டு ஆள் மாதிரி.

சின்ன மொழி விக்கிகளுக்கு என்ன நடக்கலாம் என்பதற்கு ஸ்காட்லாந்தில் பேசும் ஸ்காட்ஸ் மொழி விக்கி ஒரு பாடம். அந்த மொழியே சரியாகத் தெரியாத ஒரு அமெரிக்க இளைஞர் 20,000-க்கும் மேல் கட்டுரை எழுதியிருந்தது 2020-இல்தான் வெளியே தெரிந்தது. ஆங்கில வாக்கியத்தில் எழுத்தை மட்டும் மாற்றிப் போட்டிருந்தார். தமிழில் நிலைமை அவ்வளவு மோசமில்லை. 2009 வாக்கில் கூகுள் ஆள் வைத்து ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழில் கொண்டுவந்து கொட்டியபோது, தரம் போதாது என்று தமிழ் விக்கிக்காரர்களே மறித்துக் கேட்டார்கள். இருந்தாலும் சில பக்கங்களில் இன்னும் மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும். வாக்கியம் புரியாமல் இரண்டு முறை படிக்க நேர்ந்தால், அது உங்கள் தமிழின் குறை என்று நினைக்காமல் ஆங்கிலப் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அடிக்குறிப்பு இருக்கே சார், அப்பவும் நம்பக் கூடாதா?

இந்தக் கேள்விக்கு நான் வெட்கப்பட்டுத்தான் பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சிவன் கோயில் கும்பாபிஷேகத்துக்கு மலர் போட்டார்கள். "நீங்கதான் லைப்ரரியில இருக்கீங்களே, தல வரலாறு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்க" என்றார் விழாக் குழுப் பெரியவர். மறுநாள் அச்சுக்குப் போக வேண்டும். ராத்திரி பதினோரு மணிக்குத் தமிழ் விக்கியைத் திறந்தேன். 'முதலாம் பராந்தகன் காலத்தில் கற்றளியாகக் கட்டப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அடிக்குறிப்பு எதுவும் இல்லை. நன்றாக இருக்கிறதே என்று எடுத்துப் போட்டேன். மலர் வந்தது, பொன்னாடையும் வந்தது.

ரெண்டு வருஷம் கழித்து ஒரு எம்.ஏ. மாணவி அதே வரியை எழுதிக்கொண்டு வந்தார். "சான்று எங்கேம்மா?" என்றேன். "விக்கியில அடிக்குறிப்பு இருக்கு சார்" என்று செல்போனை நீட்டினார். பார்த்தால், அடிக்குறிப்பில் நிற்பது எங்கள் கும்பாபிஷேக மலர். பக்க எண்ணோடு. நான் விக்கியிலிருந்து எடுத்ததை, யாரோ ஒரு நல்ல மனிதர் மலரைப் பார்த்து விக்கிக்கே சான்றாகச் சேர்த்திருக்கிறார். வாய்க்கால் தண்ணீரை இறைத்து அதே வாய்க்காலில் விட்டுவிட்டு, புதுத் தண்ணீர் வந்துவிட்டது என்று சொன்ன கதை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போனோம். தெற்குப் பக்க அதிட்டானத்தில், அதாவது சுவரைத் தாங்கும் அடித்தளத்தில், கல்வெட்டு இருக்கிறது, சுண்ணாம்பு படிந்து பாதி மறைந்துவிட்டது. நேராக வெளிச்சம் அடித்தால் ஒன்றும் தெரியாது. குருக்கள் வீட்டுப் பையன் செல்போன் விளக்கைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தான். எழுத்துகள் நிழல் விழுந்து எழும்பின. 'கோப்பரகேசரிபன்மற்கு யாண்டு' என்று தொடங்குகிறது. அணையாமல் எரியும் ஒரு நொந்தா விளக்குக்குச் சாவா மூவாப் பேராடு தொண்ணூறு, அதாவது எண்ணிக்கை குறையாமல் காக்க வேண்டிய ஆடுகள், கொடுத்த செய்தி. அரசன் பெயர் எங்கேயும் இல்லை.

பரகேசரி என்பது பட்டம். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டார்கள். முதலாம் பராந்தகனும் பரகேசரி, உத்தம சோழனும் பரகேசரி, முதலாம் ராஜேந்திரனும் பரகேசரி. மதுரையை வென்றவன் என்ற பொருளில் 'மதிரை கொண்ட கோப்பரகேசரி' என்றோ, 'மதிரையும் ஈழமும் கொண்ட' என்றோ இருந்திருந்தால் பராந்தகன் என்று துணிந்து சொல்லலாம். எங்கள் கல்லில் மதுரையும் இல்லை, ஈழமும் இல்லை. அதோடு, விளக்கு வைத்ததைச் சொல்லும் கல்வெட்டு கோயிலைக் கட்டியதைச் சொல்லவில்லை. முதலில் எழுதியவர் எங்கேயோ 'பரகேசரி' என்று படித்து, தெரிந்த பெயர் ஒன்றை ஒட்டியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இந்தச் சுற்று நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. 2008-இல் ஒரு அமெரிக்க மாணவர் கோட்டி என்ற விலங்கின் பக்கத்தில், 'பிரேசில் ஆர்ட்வார்க்' என்றும் இதற்குப் பெயர் உண்டு என்று வேடிக்கையாகச் சேர்த்தார். பத்திரிகைகள் அந்தப் பெயரை எடுத்து எழுதின. கடைசியில் அந்தப் பத்திரிகைகளே விக்கிப் பக்கத்துக்குச் சான்றாக வந்து நின்றன.

ஆகவே அடிக்குறிப்பைப் பார்த்ததும் இரண்டு கேள்வி கேளுங்கள். அந்த நூல் இந்த வரி விக்கியில் ஏறுவதற்கு முன் வந்ததா, பின் வந்ததா? அந்த நூலில் அந்த வரி உண்மையிலேயே இருக்கிறதா? இரண்டாவதைப் பார்க்க நூலைக் கையில் எடுத்தே ஆக வேண்டும், குறுக்கு வழி இல்லை.

அந்த வரி எப்ப ஏறிச்சுன்னு எப்படித் தெரியும்?

கட்டுரைக்கு மேலே 'வரலாறு' என்று ஒரு தத்தல் (tab) இருக்கிறது. ஆரம்பித்த நாளிலிருந்து யார், எந்தத் தேதியில், எந்த நிமிஷத்தில் எதைச் சேர்த்தார், எதை நீக்கினார் என்பது அத்தனையும் அங்கே இருக்கும். இரண்டு பதிப்பை எதிரெதிராக வைத்துப் பார்க்கலாம். பக்கத்திலேயே 'உரையாடல்'. சண்டை எல்லாம் அங்கேதான்.

என்னைக் கேட்டால் கட்டுரையைவிட இந்த இரண்டு பக்கங்களுக்குத்தான் மதிப்பு அதிகம். கும்பகோணம் கல்லூரியில் வேலை பார்த்துக்கொண்டே ஏட்டுச்சுவடிகளைத் தேடி அலைந்த உ.வே.சா., ஒரு பாட்டுக்கு எந்தச் சுவடியில் எந்தப் பாடம் என்று ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்தார். ஊர் ஊராகப் போய் அவர் சேர்த்த அந்தப் பாடபேதம் இன்று ஒரு சொடுக்கில் கிடைக்கிறது. பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர்கூட அதைத் தொடுவதில்லை. அச்சிட்ட எந்தக் களஞ்சியமும் தன் அடித்தல் திருத்தலை வாசகருக்குக் காட்டியதில்லை.

காவிரித் தண்ணி எத்தனை டி.எம்.சி.ன்னு ஒரு பக்கத்துல 419, இன்னொண்ணுல 404.25, வேற ஒண்ணுல 177.25. எது சரி?

மூன்றும் சரி. மூன்றும் வேறு வேறு.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு 419 டி.எம்.சி. என்றது. அதில் கர்நாடகம் எல்லையில் உள்ள பிலிகுண்டுலு அளவீட்டு நிலையத்தில் தர வேண்டியது 192. 2018 பிப்ரவரி 16-இல் உச்ச நீதிமன்றம் 14.75 டி.எம்.சி.யைக் குறைத்தது. ஆகவே மொத்தப் பங்கு 404.25 ஆனது, கர்நாடகம் தர வேண்டியது 177.25 ஆனது. குறைந்த அந்த 14.75 கர்நாடகத்தின் பங்கில் சேர்ந்து, 270 என்பது 284.75 ஆயிற்று.

ஒரு மாணவர் 419-லிருந்து 177.25-ஐக் கழித்து, 'இவ்வளவு இழந்தோம்' என்று ஒரு அத்தியாயமே எழுதியிருந்தார். கழித்தல் சரியாகத்தான் போட்டிருந்தார். எண்ணை எடுத்தார், அந்த எண் எதை அளக்கிறது என்ற வரியை விட்டுவிட்டார். தீர்ப்பே இணையத்தில் கிடைக்கிறது. ஆங்கிலம் கஷ்டம் என்றால் கடைசிப் பக்கங்களை மட்டுமாவது படியுங்கள்.

மாவட்ட மக்கள்தொகைக்குக்கூட மூலத்துக்குப் போகணுமா?

இந்தப் பகுதியில் அதற்குத்தான் முதலில் போக வேண்டும். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. 1997-இல் நாகையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் திருவாரூர். 2020 டிசம்பரில் நாகையிலிருந்து மயிலாடுதுறை. 2011 கணக்கெடுப்பில் நாகை மாவட்டத்துக்கு 16,16,450 பேர் என்று இருக்கும். அதற்குள் மயிலாடுதுறை, சீர்காழி, தரங்கம்பாடி, குத்தாலம் எல்லாம் அடக்கம். இன்றைய நாகை மாவட்டத்துக்கு அந்த எண்ணைப் போட்டால், பக்கத்து மாவட்டத்தையே விழுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். வட்டவாரியாகக் கூட்டிக்கொள்ளுங்கள். 'தஞ்சை ஜில்லா' என்று பழைய புத்தகம் சொன்னால், அந்த வருஷத்தில் ஜில்லா எதுவரை இருந்தது என்று முதலில் பாருங்கள்.

பெரிய கோயில் நிழல் தரையில விழாது, உச்சிக் கல் 80 டன் ஒரே கல்லு. இதெல்லாம்?

நிழலுக்கு நூல் வேண்டாம். சாயங்காலம் நாலு மணிக்குத் தஞ்சாவூர் போங்கள். அந்த நிழலிலேயே உட்கார்ந்து சுண்டல் சாப்பிடலாம். உச்சிக் கல் ஒரே கல் அல்ல, பல கற்களைச் சேர்த்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். கோயில் கல்வெட்டுகள் தென்னிந்தியக் கல்வெட்டுத் தொகுதிகளில் இரண்டாவதில் அச்சாகியிருக்கின்றன. ராஜராஜன் எதைக் கொடுத்தான், எந்தப் பாத்திரம் என்ன எடை என்பதுவரை அதில் இருக்கிறது. நிழலைவிட அது சுவாரசியம்.

ராமானுஜன் கும்பகோணத்துலதானே பிறந்தார்?

ஈரோட்டில், 1887-இல். வளர்ந்ததுதான் இங்கே, சாரங்கபாணி சன்னதித் தெருவில். விக்கியில் சரியாகவே இருக்கிறது. தவறாகச் சொல்வது நாம்தான்.

சோழர் எந்தச் சாதின்னு ஒரு பக்கம் தினம் மாறிக்கிட்டே இருக்கே?

அந்தப் பக்கம் பக்கமே போகாதீர்கள். சாதிப் பக்கங்களில் ஆளுக்கொரு கணக்கில் வந்து மாற்றி மாற்றித் திருத்துகிறார்கள். தொகுத்தல் போர் என்று அதற்குப் பெயரே உண்டு. பல பக்கங்களைப் பூட்டி வைக்க வேண்டியதாயிற்று. உங்கள் ஆய்வே 'இணையத்தில் சாதிப் பெருமை' என்றால் மட்டும் அந்த 'வரலாறு' தத்தலைத் திறங்கள், தங்கச் சுரங்கம்.

எங்க ஊர்ப் பக்கத்துல தப்பு இருந்துச்சு. எங்க தாத்தா சொன்னதை வெச்சுத் திருத்தினேன், நீக்கிட்டாங்க. அவர் சொன்னது பொய்யா?

பொய் இல்லை. ஆனால் விக்கிப்பீடியாவில் சொந்த ஆய்வுக்கு இடமில்லை. ஏற்கெனவே வேறு எங்காவது வெளியானதைத்தான் தொகுக்கலாம். நீக்கியவரிடம் கோபப்படாதீர்கள், அவர் விதிப்படி செய்தார்.

விதி சரியென்றாலும் அதனால் நமக்கு ஒரு நஷ்டம் உண்டு. முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சியது எப்படி, எந்த வாய்க்காலுக்கு எந்த வீட்டார் காவல், குறுவைக்கு எந்த நெல், தாளடிக்கு எந்த நெல் என்பதெல்லாம் பெரியவர்கள் வாயில் மட்டும் இருக்கிறது. அச்சில் வராதவரை அந்தக் களஞ்சியத்துக்கு அது இல்லாத விஷயம். அதனால்தான் நம் கிராமப் பக்கங்களில் ஊர் எல்லையும் மக்கள்தொகையும் இருக்கிறது, ஊர் இல்லை.

தாத்தாவை உட்கார வைத்துப் பதிவு செய்யுங்கள். பெயர், வயது, தேதி, இடம் குறியுங்கள். எழுதி உங்கள் ஆய்வேட்டின் பின்னிணைப்பில் சேருங்கள். அப்போது நீங்களே ஒரு தலைமடை.

அப்படியே காப்பி அடிச்சா கண்டுபிடிப்பாங்களா?

முதலில் கண்டுபிடிப்பது அதைத்தான். யு.ஜி.சி.யின் 2018 விதிகளில் பத்து சதவீதம் வரை ஒப்புமை இருந்தால் தண்டனை இல்லை, அதற்கு மேல் படிப்படியாக ஏறும். விக்கி எழுத்தை யாரும் எடுத்தாளலாம் என்று உரிமம் இருக்கிறதே என்று ஒருவர் வாதாடினார். எடுத்தாளலாம், எடுத்த இடத்தைச் சொல்ல வேண்டும் என்பதும் அதே உரிமத்தில்தான் இருக்கிறது.

விக்கியைப் பற்றியே எழுத நேர்ந்தால் மட்டும், ஓரத்தில் 'நிலையான தொடுப்பு' என்று இருப்பதை எடுத்து, பார்த்த தேதியோடு கொடுங்கள். வெறும் முகவரி கொடுத்தால் நாளைக்கு அங்கே வேறு வாசகம் இருக்கும்.

இப்பதான் சாட்ஜிபிடி இருக்கே?

அது படித்ததில் விக்கியும் உண்டு. அங்கே 'வரலாறு' தத்தல் கிடையாது.

விக்கிக்கு அடுத்து எங்க போறது?

முதலில் இந்த நூலகத்தின் உள்ளறைக்கு வாருங்கள். பெரியசாமித் தூரன் தலைமையில் 1954-இலிருந்து வந்த தமிழ்க் கலைக்களஞ்சியம் பத்துத் தொகுதியும் இருக்கிறது. பழசுதான், ஆனால் கட்டுரை எழுதியவர் இன்னார் என்று தெரியும். தமிழ் இணையக் கல்விக் கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களை வீட்டிலிருந்தே படிக்கலாம். சுவடி, மராட்டியர் காலத்து மோடி எழுத்து ஆவணம் என்றால் தஞ்சாவூர் சரசுவதி மகால் நூலகம். தமிழ்ப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போங்கள், காலையிலேயே போங்கள்.

சார், அந்தக் கும்பாபிஷேக மலர் அடிக்குறிப்பு இன்னும் இருக்கா?

இல்லை. மாணவியும் நானும் சேர்ந்து உரையாடல் பக்கத்தில் நடந்ததை எழுதினோம், மலரில் எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்து. ஒரு வாரத்தில் யாரோ அடிக்குறிப்பை எடுத்துவிட்டார். பராந்தகன் இன்னும் அங்கேயே இருக்கிறார், பக்கத்தில் சின்ன எழுத்தில் 'சான்று தேவை' என்று போட்டிருக்கிறது. மலர் மட்டும் ஊரில் வீட்டுக்கு வீடு பூஜை அலமாரியில் இருக்கிறது, அதில் எதுவும் போட முடியவில்லை.